முன்பக்கம் முதலில்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொல்கிறவன் நாக்கில் புழு வைக்கட்டும். கூட்டவில்லை, குறைக்கவில்லை, நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம். அதற்காகக் கதை ஒன்றும் வருத்தப்படப் போவதில்லை.

புல் வெட்ட வந்த ஆள் மதில் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான். வைத்த வேகத்தில் வெளியே எடுத்துவிட்டான், சுடுபாலில் விரல் விட்டவன் மாதிரி. பிறகு குனிந்து உள்ளங்கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னப்பா?" என்றார் அலங்காரக்காரர், வாசற்படியில் நின்றபடியே.

"ஒண்ணுமில்ல சார். மண்ணு சூடா இருக்கு."

அலங்காரக்காரர் வானத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகச் சூரியன் தலைகாட்டவில்லை. அழுக்குப் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி மேகம். "வெயில் பட்டிருக்கும்" என்றார். சொன்னது அவருக்கே அசட்டுத்தனமாகத்தான் பட்டது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவர் பெரிய துணிக்கடை ஒன்றில் முகப்பு அலங்காரம் செய்கிறவர். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்குச் சட்டையும் கோட்டும் மாட்டி, தெருவில் போகிறவனை நின்று பார்க்க வைப்பது தொழில். அந்தப் பொம்மைகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பின்பக்கம் முழுக்கக் குண்டூசி. தொளதொளவென்று தொங்குகிற துணியைப் பின்னால் இழுத்து, மடித்து, முதுகெலும்பு போல வரிசையாகக் குத்திவிட்டால் முன்னால் அளவெடுத்துத் தைத்த மாதிரி நிற்கும். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அவர் கணக்கில் முன்பாதிதான் ஆள்; பின்பாதி குண்டூசி.

வீட்டிலும் அதே கணக்குத்தான். முன்சுவருக்கு வருஷா வருஷம் பெயிண்ட்; பின்சுவர் கட்டின நாளில் இருந்தபடியே வெறும் செங்கல். முன்கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி, பார்க்கிறவர் முகம் தெரியும்படி துடைத்து வைத்திருப்பார். பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாயிற்று. கம்பி ஒன்றை வளைத்து ஆணியில் மாட்டியிருந்தார். "யார் பின்னாடி வந்து பார்க்கப் போறாங்க?" என்பது அவருடைய வேதவாக்கு. முன்னறை மேசைமேல் ஒரு தகர டப்பா நிறையக் குண்டூசி, எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

புல்லும் அந்த வேதவாக்கின்படிதான் வளர்ந்தது. வீடு மனைக்கு நடுவில். நாலு பக்கமும் வெற்று இடம். மதில் கதவின் கம்பி வழியாகத் தெரிகிற ஒரு சாண் அகலத்தை மட்டும் துணி வெட்டுகிற கத்தரியால் நறுக்கி அழகாக வைத்திருந்தார். (ஒருமுறை கத்தரி நழுவி வலது உள்ளங்கையைப் பதம் பார்த்தது, கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு தழும்பு.) மற்ற இடமெல்லாம் புல் இடுப்புக்கு ஏறி, பின்பக்கம் தோளைத் தொட்டது. எதிர்வீட்டு நாய் ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு அதற்குள் ஓடியது. பந்து மட்டும் திரும்பி வந்தது.

போன வாரம் அவர் மனைவி துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். கணுக்கால் முறிந்து, தவழ்ந்து வந்து படியேறினாள்.

"தடுக்கி விழுந்தியா?"

"தடுக்கலைங்க. பிடிச்சுது."

"புல்லுக்குக் கை முளைச்சிருக்கோ?"

"உங்களுக்கு நாக்கு முளைச்ச மாதிரி அதுக்குக் கை முளைச்சிருக்கும். நான் என்னத்தைக் கண்டேன்."

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் காலைச் சுற்றியிருந்த கீறல்களைப் பார்த்து "முள்ளா?" என்று கேட்டார். அலங்காரக்காரர் "முள்தான்" என்றார். மனைவி அவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து பின்னறைக் கட்டிலே அவளுக்கு உலகம். காலைக் கீழே ஊன்றவே கூடாது என்று உத்தரவு. அவளைப் பார்க்கக் கடை முதலாளி நாளைக் காலை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். மனைவி விழுந்ததற்கு அசையாத அலங்காரக்காரர் இதற்கு அசைந்தார். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் புல் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டார்.

போனிலேயே அந்த ஆள் எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டான். ஜன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும், கல் தெறிக்கும். நாய் பூனை இருந்தால் கட்டிப்போட வேண்டும். வேலை முடியும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. வெட்டியதை அள்ளிக்கொண்டு போவது அவன் பொறுப்பு. இப்போது தோளில் மெஷினின் வாரை மாட்டிக்கொண்டே மிச்சமிருந்த கேள்வியைக் கேட்டான்.

"உள்ளேருந்து வெளியே வெட்டட்டுமா சார், இல்ல வெளியேருந்து உள்ளேயா?"

"என்ன வித்தியாசம்?"

"வழக்கம் உள்ளேருந்து வெளியே. வீட்டை ஒட்டி ஆரம்பிச்சு, சுத்திச் சுத்திப் போய் மதிலோரம் முடிக்கிறது. எங்க மாமனார் அப்படித்தான் வெட்டுவார். ஏன்னு கேட்டா அடிக்க வருவார். அவருக்கும் தெரியாது போல."

"அப்ப முன்பக்கம்?"

"மதிலோரம் கடைசிலதான் சார் வரும். பொழுது சாஞ்சிரும்."

எதிர்வீட்டம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, படம் ஆரம்பிக்கக் காத்திருப்பவள் போல நின்றாள். அலங்காரக்காரர் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"வழக்கமெல்லாம் வேணாம். மதிலோரம் ஆரம்பி. முன்பக்கம் முதல்ல. தெருவுல போறவங்களுக்கு வேலை நடக்குதுன்னு தெரியணும்."

"என்னங்க," பின்னறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள், "அந்த ஆளு வழக்கம்னு ஒண்ணு சொல்றாரே, கேளுங்களேன்."

"நீ படு. உனக்குக் கால்தானே உடைஞ்சிருக்கு, காதை ஏன் இங்க வச்சிருக்கே?"

"காதாவது நல்லா இருக்கேன்னுதான்."

புல்காரன் சிரித்தான். "கஸ்டமர் சொல்லே மந்திரம் சார். எனக்கும் அதுதான் சுலபம்." காதை மூடுகிற இரண்டு கிண்ணங்களைத் தலையில் மாட்டுவதற்குமுன் ஒரு விஷயம் சொன்னான். "இதை மாட்டிட்டா இடி விழுந்தாலும் கேக்காது. நடுவுல நிறுத்தவும் மாட்டேன், வெட்டு மேடும் பள்ளமுமா ஆயிரும். எல்லா வீட்டுலயும் ஜன்னல்ல நின்னு கையை ஆட்டுவாங்க, நல்லா இருக்குன்னு. நானும் ஆட்டுவேன். நமக்குள்ள பேச்சு அவ்வளவுதான்."

முகமூடியை இறக்கினான். மெஷின் உறுமியது.

பல் டாக்டரின் எந்திரத்தை யானைப் பல்லுக்காகச் செய்தால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். மதிலோரம் கத்தி சுழன்றபடி போகப் போகப் புல் முனகிக்கொண்டு சாய்ந்தது, பச்சை வாசனை ஜன்னல் இடுக்குகளில் புகுந்து முதலில் இனித்து, பிறகு கசந்து, பிறகு எங்கோ ஆழத்தில் நெடுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வெதுவெதுப்பான முடை நாற்றமாக மாறி முன்னறைத் திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டது. அலங்காரக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. முன் ஜன்னலில் நின்று பார்த்தார். தெருப்பக்கம் மதிலோரத்தில் அழகான ஒரு பட்டை, புதிதாய்ச் சவரம் செய்த கன்னம் போல. எதிர்வீட்டம்மா தலையை ஆட்டினாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. கையை உயர்த்தி ஆட்டினார். புல்காரனும் ஆட்டினான்.

முதல் சுற்று முடிந்து, அதையொட்டி உள்பக்கமாக அடுத்த சுற்று தொடங்கியபோது ஜன்னல் கண்ணாடியில் ஒரு வெட்டுக்கிளி வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு இன்னொன்று. பிறகு யாரோ பிடி அரிசியை வீசியதுபோலச் சடசடவென்று மொத்தக் கூட்டமும். படியில் தவளைகள் ஏறின. எலிகள் படியோரமாக ஓடிவந்து சுவரில் முட்டி, வழி தெரியாமல் மறுபடி முட்டின. அவற்றின் நடுவே ஒரு பாம்பு வந்தது. பக்கத்தில் குந்தியிருந்த தவளையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத் தவளையும் நகரவில்லை. இரண்டும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் புல் ஒரு முழம் குறைகிறது. புல்லுக்குள் இருப்பதற்கெல்லாம் போக்கிடம் ஒரே திசைதான். நடுவில் வீடு.

"என்னங்க," என்றாள் மனைவி. "கட்டிலுக்கடியில ஏதோ குதிக்குது."

"தவளை."

"எப்படி வந்துச்சு?"

"பின்கதவு இடுக்கு வழியா வந்திருக்கும்."

"அந்தக் கதவைச் சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்க்குத்தான் தாழ்ப்பாள் விழுந்துபோச்சு." சற்றுப் பொறுத்து, குரலை இறக்கி, "நீங்க இங்க வந்து உக்காருங்களேன்" என்றாள்.

"இதோ வர்றேன்" என்றார். போகவில்லை. பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்திருந்தார். அங்கே மெஷின் எதிலோ சிக்கி, ஓசை ஒரு கணம் தடித்து, ஈரமாகி, மறுபடி மெலிந்தது. புல்காரனின் முகமூடியில் சிவப்பாக ஒரு விசிறி விரிந்தது. அவன் புறங்கையால் துடைத்துவிட்டு, எலியாக்கும் என்பதுபோலத் தோளைக் குலுக்கி, நடந்தான். ஏதோ ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் பச்சென்று அப்பி, மெதுவாக இறங்கியது. மயிர் இருந்தது. ஒரு காதும் இருந்தது.

அடுத்த வீச்சில் புல் சாய்ந்த இடத்தில் நாய் கிடந்தது. எதிர்வீட்டு நாய். குப்புறப் படுத்துத் தூங்குவது போல. வால், முதுகு, பிடரி, கழுத்துப் பட்டை எல்லாம் அப்படியே. பக்கத்தில் ஒரு பூனை. நாலைந்து புறாக்கள். எல்லாம் குப்புற, வரிசையாக, தேய்த்த துணி அடுக்கினாற்போல. புல்காரன் பூட்ஸ் முனையால் நாயைப் புரட்டித் தள்ளினான்.

நாய்க்கு முன்பக்கம் இல்லை.

முகம் இல்லை. நெஞ்சு இல்லை. வயிறு இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. கழற்றிப் போட்ட கோட்டுப் போல விலா எலும்பு மட்டும் வளைந்து நின்றது. அதைவிட அலங்காரக்காரரின் கண்ணைப் பிடித்தது இன்னொன்று. வெட்டு. காதின் பின்னால் தொடங்கி, கழுத்தின் பக்கமாக இறங்கி, விலாவோரம் ஓடிய அந்தக் கோடு ஓரிடத்திலும் பிசிறவில்லை. கத்தியின் வேலை இல்லை அது. துணி தெரிந்த கை. எங்கே தையல் வர வேண்டுமோ அங்கே பிரித்திருந்தது.

புல்காரன், மக்கிய நாய்தானே என்பதுபோல, அதைப் புல் குவியலோடு ஒதுக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"நிறுத்துப்பா," என்றார் அலங்காரக்காரர். கண்ணாடிக்குள் நின்று. இரண்டு கையையும் ஆட்டினார். அவனும் இரண்டு கையையும் ஆட்டினான்.

காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி மிஞ்சியிருந்த புல் பட்டையில், அவன் நடக்கிற திசைக்கு எதிராக, ஒரு வகிடு ஓடியது. புல் இரண்டாகப் பிரிந்து, ஏதோ குனிந்து போவது போல வழிவிட்டு, மறுபடி கூடியது. வகிடு மூலை திரும்பியது. பின்பக்கம் போயிற்று. அவர் மூச்சை விடுவதற்குள் முன்பக்கத்திலிருந்து இன்னொரு வகிடு.

ஒன்று இல்லை. இரண்டு.

அவர் முன்கதவைத் திறந்தார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், பின்கதவுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்க எந்தச் சங்கடத்துக்கும் முன்வாசலில் நின்றே பதில் சொன்ன மனிதர். காலடியில் தவளைகளும் எலிகளும் வீட்டுக்குள் பாய்ந்தன. பாம்பு அவர் செருப்பின்மேல் ஏறி உள்ளே போயிற்று, உறவுக்காரர் மாதிரி. அவர் கீழ்ப்படியில் இறங்கி, வலது கையை உயரத் தூக்கி, உள்ளங்கை தெரிய, "நிறுத்து, நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினார். புல்காரன் புல்லுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நின்றான். தலையை ஆட்டினான். நல்லா இருக்கு.

எதிர்மாடி காலி. அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து எதிர்வீட்டம்மா உள்ளே போயிருந்தாள்.

புல்காரன் மெஷினோடு மறுபக்கம் திரும்பினான். இருவருக்கும் நடுவில் புல்லிலிருந்து அது எழுந்தது.

முதலில் முதுகு என்று நினைத்தார். மக்கிய புல்லின் நிறம், ஈரம், தோள் போல ஒரு மேடு, பிடரி போல ஒரு சரிவு. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, இப்போது திரும்பும், முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணி அவர் உடம்பின் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. அது திரும்பியது. முதுகு. இன்னும் திரும்பியது. முதுகு. சுற்றி முடித்து அவரை நோக்கி நின்றபோதும் பிடரிதான் நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பின்பக்கம். முன்பக்கம் என்று ஒன்று அதற்குக் கொடுக்கப்படவே இல்லை.

மூன்று வாரம் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்ப்பது போல, முகமே இல்லாத அது அவர் முகத்தைப் பார்த்தது.

கை தூக்கியபடியே இருந்தார். அதில் ஏதோ பட்டது. மென்மையாக. துணியின் தரம் பார்க்கிறவன் விரலால் நிமிண்டுவானே, அப்படி. ஒரு இழுப்பு. கையுறை கழல்வது போன்ற ஓசை. வலிக்கவில்லை, முதலில். அவர் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தி, பித்தளைத் தாழைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்ற பிறகுதான் கையைப் பார்த்தார். புறங்கை இருந்தது. நகங்கள் இருந்தன. திருப்பினார். உள்ளங்கை இல்லை. மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை ஒரே வெட்டாக, தழும்போடு, எடுத்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளை நரம்புகள் வீணைக் கம்பியாக ஆடின. அப்புறம் வலித்தது.

பின்னறைக்கு ஓடினார். தரை முழுக்கத் தவளை, மிதிபட்டு வெடித்தன. மனைவி கட்டிலில் உட்கார்ந்து, ஊன்றுகோலை உலக்கை போலப் பிடித்திருந்தாள்.

"கையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல. முள்ளு."

அவள் முகம் வெளுத்தது. தலையணை உறையை உருவி அவர் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "என்னைத் தூக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் முயன்றார். ஒரு கை. முடியவில்லை.

"அப்ப கதவைப் பிடிச்சுக்குங்க."

பின்கதவில் தோளைக் கொடுத்து நின்றார். கம்பி ஆணியில் நடுங்கியது. அந்தப் பக்கம் பலகையில் ஏதோ தடவியது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், அவசரமில்லாமல், அளவு எடுப்பது போல. மெஷின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று. அவருக்குள் ஒரு நம்பிக்கை மூண்டது. கத்தி வருகிறது. சுவரை ஒட்டி வருகிறது. மறைய ஒரு முழப் புல்லும் இருக்காது. இரண்டையும் கூழாக்கிவிடும். அதுவரை பிடித்தால் போதும்.

"அவன் வர்றான்," என்றார். "முடிச்சிடுவான். கொஞ்ச நேரம்."

"நீங்க நகராதீங்க. அது போதும் எனக்கு."

"நகரமாட்டேன்."

முன்னறையில் கண்ணாடி உடைந்தது.

"போகாதீங்க," என்றாள். "முன்னாடி இல்ல. அது இங்கதான் இருக்கு. இங்க நிக்கிறது எனக்குக் கேக்குது."

"முன் ஜன்னல் உடையுதுடி."

"உடையட்டும்."

உடையட்டும் என்று விட அவரால் முடியவில்லை. முன் ஜன்னல். நாளைக்கு முதலாளி. அதற்குள் கால்கள் ஓடிவிட்டன.

முன்னறைத் தரையில் ஒரு கல். கோழிமுட்டை அளவு. மெஷினிலிருந்து தெறித்த கல். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை. வேறு ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லியிருந்தான்.

"என்ன" என்றது மனைவியின் குரல் பின்னறையில். 'ங்க' வரவில்லை.

திரும்பி ஓடினார். பின்கதவு திறந்து கிடந்தது. கம்பி நிமிராமல், நோகாமல், கழற்றி விடப்பட்டுத் தொங்கியது. மனைவி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். பின்னல் நேராக முதுகில். நைட்டியின் பின்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. மாவுக்கட்டின் பின்பாதி, உரித்த முட்டை ஓடு போல, கெண்டைக்காலோடு.

"இந்தா," என்றார். "இந்தாம்மா."

தோளைத் தொட்டார்.

இலேசாக இருந்தது.

கோட்டு மாதிரி.

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, அல்லது மெஷின் அதைத் தின்றுவிட்டது. கீழே, குதிகாலுக்கு மேல், இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் நரம்பு நூல் மாதிரி அறுந்தது. விழுந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்ந்தார். அவள் அன்று தவழ்ந்து வந்தாளே, அப்படி. தவளைக் கூழின்மேல். எலிகள் அவரைத் தாண்டி ஓடின. பின்னால் சிவப்பாக ஒரு கோடு. முன்னறை. முன்வாசல். முன்வாசலுக்குப் போய்விட்டால். கண் இருட்டியது. விழித்தது. மறுபடி இருட்டியது.

மறுபடி விழித்தபோது முன்னறையில் கிடந்தார். பொழுது சாய்கிற வெளிச்சம்.

முன் ஜன்னலில் மனைவி நின்றாள்.

ஊன்றக் கூடாத காலை ஊன்றி. இரண்டு காலில். தெருவைப் பார்த்து.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அளவெடுத்துத் தைத்த மாதிரி. அவர் கிடந்த இடத்திலிருந்து தெரிந்தது வேறு. மக்கிய புல்லின் நிறம். ஈரம். இரண்டு ஓரத்திலிருந்தும் அவள் தோலை இழுத்து, மடித்து, தலை உச்சியிலிருந்து இடுப்புவரை நடு முதுகில் வரிசையாகக் குண்டூசி. இடைவெளி பிசகவில்லை. ஒன்றுகூடக் கோணவில்லை. அவரால் அப்படிக் குத்த முடியாது.

அது கையைத் தூக்கி ஆட்டியது.

கண்ணாடிக்கு வெளியே, சுவரோரம் கடைசிப் பிடிப் புல்லைச் சாய்த்துவிட்டு, புல்காரன் முகமூடியை ஏற்றினான். சிரித்தான். கையை ஆட்டினான். மெஷின் நின்றது.

நிசப்தம்.

"நல்லா இருக்குங்க," என்றது மனைவியின் குரல், உதடு சற்றுப் பிந்தி அசைய.

அவர் தலைமாட்டில், மேசைமேல், தகர டப்பாவை யாரோ குலுக்கிப் பார்த்தார்கள். இன்னும் நிறைய இருந்தது. ஒரு கை இறங்கி வந்து அவரை மெல்லப் புரட்டி மல்லாத்தியது. நெற்றி மயிரை ஒதுக்கி, காதின் பின்னால் கோடு பார்த்து, கன்னத்தை ஒருமுறை நீவிச் சுருக்கம் எடுத்தது. வெதுவெதுப்பான கை. அதன் உள்ளங்கையில், கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல்வரை, கத்தரித் தழும்பு.

நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டைச் சுற்றி, கட்டிய நாளிலிருந்து இன்றுவரை, மதிலுக்கு மதில் சிமெண்ட் தளம். ஒரு புல் முளைக்க விரலிடுக்கு மண்கூட அங்கே கிடையாது.